நிறுத்தத் தெரியாத எலும்பு

"அக்கா, முட்டி மடங்க மாட்டீங்குது."

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தம்பி திருமூர்த்தி பொள்ளாச்சியிலிருந்து போனில் சொன்னது அவ்வளவுதான். கோகிலவாணி அப்போது கோவையில், தான் வேலை பார்க்கும் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில், கையுறையைக்கூடக் கழற்றாமல் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எந்த முட்டி?"

"எந்த முட்டின்னு கேக்கறே பாரு! அடிபட்ட காலுதான்."

"வலிக்குதா?"

"அதான் இல்லை. வலியே இல்லக்கா. மரக்கட்டையாட்டம் நீட்டுன வாக்குல நிக்குது. வலிச்சாக்கூடத் தேவலை போல. இது பயமா இருக்குது."

வாணி கையுறையைக் கழற்றி எறிந்தாள். எலும்பு உடைந்தது முழங்காலுக்கு ஒரு சாண் கீழே. வாணியின் ஆய்வுக்கூடத்து மருந்தை வைத்ததும் அங்கேதான். முழங்காலுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இருக்கக் கூடாது. தென்னை மரத்தில் தேள் கொட்டினால் பனை மரத்தில் நெறி கட்டும் என்று கேலிக்குச் சொல்வார்கள். தம்பியின் காலில் நடக்கும்போது அதைக் கேலியாக நினைக்க முடியவில்லை.

மூர்த்தி பொள்ளாச்சி - பழனி தடத்தில் தனியார் பஸ் ஓட்டுகிறவன். இருபத்தொன்பது வயது. பஸ்ஸில் ஐந்து வருஷம் ஒரு கீறல் படாதவன், லீவு நாளில் மோட்டார் சைக்கிளில் போய் உடுமலை ரோட்டில் ஒரு மண் லாரிக்குக் காலைக் கொடுத்துவிட்டான். இடது கால். க்ளட்ச் மிதிக்கிற கால். நான்கு விரல் அகலத்துக்கு எலும்பு நொறுங்கிப் பொடியாகிப் போயிருந்தது. இரும்புச் சட்டம் போட்டு ஒன்றரை வருஷம் படுக்க வைக்கலாம், அப்போதும் உறுதி சொல்ல முடியாது, காலை எடுத்துவிடுவதுதான் நல்லது என்று டாக்டர் சொன்னபோது அவன் அழவில்லை. "காலை எடுத்துப்போட்டு என்னை எதுக்குங்க வச்சுக்கறீங்க?" என்று மட்டும் கேட்டான். அந்தக் கேள்விதான் வாணியைத் தப்புப் பண்ண வைத்தது.

தப்பு என்றால் கொலை, கொள்ளை இல்லை. ஒரு சின்ன டிக். அவளுடைய ஆய்வுக்கூடத்தில் ஆறு வருஷமாக ஓர் எலும்புப் பசையை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். எலி, முயல், ஆடு எல்லாம் பார்த்தாயிற்று. மனிதருக்கு வைத்துப் பார்க்க முதல் முறையாக அனுமதி வந்திருந்தது. மூன்று நோயாளிகள். ஆராய்ச்சியில் இருக்கிறவர்களுக்கு நோயாளி சொந்தக்காரராக இருக்கக் கூடாது என்று படிவத்தில் ஒரு வரி உண்டு. கல்யாணமானபோது வாணியின் இனிஷியல் அப்பாவுடையதிலிருந்து கணவருடையதாக மாறியிருந்தது. வி. கோகிலவாணிக்கு ப. திருமூர்த்தி யார் என்று எந்தக் காகிதத்துக்கும் தெரியாது. 'உறவு இல்லை' என்ற கட்டத்தில் அவள் டிக் அடித்தாள்.

பசையை வைப்பதற்கு முதல் நாள் அவளே தம்பிக்கு விளக்கியிருந்தாள்.

"இதுக்குள்ள ரெண்டு சமாச்சாரம் சாமி. ஒண்ணு செங்கல். சுண்ணாம்புச் சத்துல செஞ்ச துகள். கண்ணுக்கு இல்லை, சாதாரண மைக்ராஸ்கோப்புக்கே தெரியாது, அத்தனை பொடிசு. ரெண்டாவது கொத்தனார். அது ஒரு பாக்டீரியா. நாங்க மாத்தி வளர்த்தது. செங்கலை எடுத்து எலும்பாட்டமே அடுக்கிக்கிட்டுப் போகும். செங்கல் தீர்ந்துபோனா உன்ற ரத்தத்துல இருக்கற சுண்ணாம்பை எடுத்து அதுவே வார்த்துக்கும்."

"கட்டி முடிச்சுட்டு அந்தக் கொத்தனாரு போயிருவாரா? இல்ல உள்ளயே குடித்தனம் பண்ணுவாரா?"

"டீ குடுத்தாத்தான் கொத்தனார் வேலை செய்வார். இளங்குருத்துல ஒரு துளி இருக்கற ரசாயனம் அது. மனுச உடம்புல கிடையாது. காய்கறியைச் சமைச்சா அழிஞ்சு போயிரும். அதைத்தான் நாங்க டீங்கறோம். பசையில பத்து நாளைக்கு டீ கலந்திருக்குது. அது தீர்ந்தா ஆறு மணி நேரத்துல கொத்தனாருங்க அத்தனை பேரும் செத்துப் போயிருவாங்க."

"பாவம்," என்றான் மூர்த்தி. வார்டே சிரித்தது.

பத்தாம் நாள் எக்ஸ்ரேயில் எலும்பு கூடியிருந்தது. கூடியிருந்தது என்று சொன்னால் போதாது, உடைந்த இடம் எது என்று தேட வேண்டியிருந்தது. பேராசிரியர் சதானந்தம் தன் கையால் எல்லாருக்கும் பால்கோவா கொடுத்தார். அவர்தான் அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவர், பசை அவருடைய மூளையில் பிறந்தது. பன்னிரண்டாம் நாள் மூர்த்தியை வீட்டுக்கு அனுப்பினார்கள். போன் வந்தது இருபத்தாறாம் நாள்.

பதினோரு மணிக்கெல்லாம் வாணி பொள்ளாச்சி வீட்டில் இருந்தாள். மூர்த்தி பின்வாசலில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தான். தையல் போட்ட இடத்தில் இன்னமும் வெள்ளையாக நீர் கசிந்தது. அம்மா வெந்நீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய தண்ணீர் சிமெண்டு வாய்க்காலில் ஓடி, மதிலோரம் நின்ற இரண்டு தென்னைகளின் அடிக்குப் போனது. மிச்சம் மதிலின் துளை வழியாகப் பக்கத்துத் தோப்புக்குள் இறங்கியது. பொள்ளாச்சிப் பக்கம் குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் தென்னைக்குத்தான். சாக்கடையில் விட்டால் சாப்பாட்டைக் கொட்டின மாதிரி முகம் சுளிப்பார்கள்.

"கழுவின தண்ணியில ப்ளீச்சிங் பவுடர் போடச் சொன்னேனே அம்மா?"

"அதைப் போட்டா மரம் பட்டுப் போயிரும் கண்ணு. காய்க்கற மரம்."

வாணி அதற்கு மேல் கேட்கவில்லை. டீ தீர்ந்துபோன கொத்தனார் உடம்புக்கு வெளியே ஆறு மணி நேரம்கூடத் தாங்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அவள் குனிந்து தம்பியின் முழங்காலைத் தொட்டாள். முட்டிச்சில்லை விரலால் இப்படி அப்படி அசைத்தால் அசையும், யாருக்கும் அசையும். மூர்த்தியுடையது அசையவில்லை. தோலுக்கு அடியில் அம்மிக்கல்லைத் தொடுகிற மாதிரி இருந்தது. கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள், ஏன் துடைத்தோம் என்று உடனே வெட்கப்பட்டாள்.

கோவை ஆஸ்பத்திரியில் மறுபடி சேர்த்து எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். பசை வைத்த இடத்திலிருந்து ஒரு வெள்ளைக் கோடு மேலே ஏறி, முழங்காலைச் சுற்றி அடைத்து, தொடைக்குள் நாலு விரல் போயிருந்தது. புதன்கிழமை எடுத்த படத்தில் ஏழு விரல்.

"ஒரு நாளைக்கு மூணு விரல் ஏறுதும்மா," என்றார் டாக்டர். "கிருமிக்கு மருந்து கொடுத்துப் பார்த்தாச்சு. அது தான் கட்டின சுவருக்குள்ளயே உட்கார்ந்திருக்கு, மருந்து போய்ச் சேரலை. வெள்ளிக்கிழமை காலையில தொடையோட எடுத்துடலாம்."

"கொஞ்சம் பொறுத்தா..."

"இடுப்புக்கு ஏறிடுச்சுன்னா எடுக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது. அப்புறம் முதுகு. அப்புறம் விலா. விலா எலும்புக்கு நடுவுல இருக்கற இடத்தையெல்லாம் சிமெண்டு பூசினாப்பல அடைச்சுட்டா, இந்தப் பையன் மூச்சை எப்படி விடுவான்? நீங்களே சொல்லுங்க."

வாணி ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் இறங்கும்போது தன் மூச்சையே எண்ணிக்கொண்டு இறங்கினாள்.

அன்று மத்தியானம் மூர்த்தியின் ரத்தத்தை ஆய்வுக்கூடத்துக் கருவியில் வைத்தாள். திரையில் எழுந்த கோட்டைப் பார்த்து, பேராசிரியரை அழைத்து வந்து காட்டினாள்.

"டீ," என்றார் சதானந்தம். "இருபத்தேழாம் நாள். ரத்தத்துல டீ ஓடுது."

"யாரோ கொடுத்துக்கிட்டிருக்காங்க சார்."

"யார் கொடுப்பாங்க? பசையைக் கலந்தது யாரு?"

"நான்தான் சார்."

அவர் அவளைப் பார்த்த பார்வையில் திட்டு இல்லை. அதுதான் மோசம். அவள் மிச்சப் பசையை எடுத்து நான்கு முறை அளந்தாள். நான்கு முறையும் பத்து நாள் அளவுதான், ஒரு துளி கூடவில்லை. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுக் குறிப்பை வாங்கி வரிவரியாகப் படித்தாள். இட்லி, கஞ்சி, ரசம் சாதம், பிஸ்கட், காபி. பச்சையாக ஒரு வெள்ளரித் துண்டுகூட இல்லை; வீட்டிலும் சமைத்ததைத்தான் கொடுத்தேன் என்றாள் அம்மா. அப்படியானால் தன் கைதான் எங்கோ தப்பியிருக்கிறது என்று தோன்றியது. தன் தம்பிக்கு வைத்த பசையில் மட்டும் தராசைச் சரியாகப் பார்க்காமல் விட்டோமோ, அவசரத்தில் இரண்டு முறை கொட்டிவிட்டோமோ? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தன் பத்து விரலும் அவளுக்குப் பேயாகத் தெரிந்தன.

வியாழக்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்கு எதிர் அறைக்குப் போனாள். டிஷ்யூ பேப்பர் கேட்கத்தான் போனாள், வேறு எதற்கும் இல்லை. எதிர் அறை தாவரவியல்காரர்களுடையது. அங்கே கண்ணாடிக் குப்பிகளில் வாழைக் கன்று வளர்ப்பார்கள். மரியபுஷ்பம் பதினெட்டு வருஷமாக அங்கே உதவியாளர். தரையில் ஒரு சாக்கு இளநீரைக் கொட்டிவைத்து, ஒவ்வொன்றாக வெட்டி, தண்ணீரை வடிதாளில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன வாணி, மூஞ்சி சுண்ணாம்பாட்டம் வெளுத்துக் கெடக்கு? இந்தா, ஒண்ணு குடி."

"வேண்டாங்க்கா. இத்தனை இளநீர் எதுக்கு? விருந்தா?"

"விருந்துதான், வாழைக்கு. கன்னு வளர்ற மீடியத்துல இதை ஊத்தினாத்தான் குட்டி போட்டுத் தள்ளும். பாட்டில்ல வர்ற ஹார்மோன் யானை விலை விக்குது. அதே சரக்கு இதுல சும்மா கெடக்கு."

"அதே சரக்குன்னா?"

புஷ்பம் ஒரு பெயரைச் சொன்னாள். சோறு, குழம்பு என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். அந்தப் பெயர் வாணியின் காப்புரிமை விண்ணப்பத்தில் பதினேழு இடங்களில் இருந்தது. அதுதான் டீ.

ஆறு வருஷம். குளிர் தேசத்துக் கூட்டாளிகளோடு உட்கார்ந்து எண்ணூறு உணவுகளின் பட்டியலைச் சல்லடை போட்டுச் சலித்து, மனிதன் வாயில் படவே படாது என்று அந்த ரசாயனத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பட்டியலைத் தயாரித்தவர்கள் இளநீரைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். சரி, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. இங்கே இருக்கிற பேராசிரியர், இவள், இன்னும் நான்கு பேர், எல்லாரும் தினமும் நாலு மணிக்குக் பல்கலைக்கழக வாசலில் இளநீர் குடித்துக்கொண்டேதான் அந்தப் பட்டியலைச் சரிபார்த்தார்கள்.

ஸ்கூட்டரை எப்படி ஓட்டினாள் என்று தெரியாது. வார்டுக்குள் நுழைந்தபோது மூர்த்தி தலையணையில் சாய்ந்து ஸ்ட்ராவை உறிஞ்சிக்கொண்டிருந்தான். கட்டிலுக்கு அடியில் ஏழு காய்கள். பக்கத்தில் அவன் பஸ் கண்டக்டர், கையில் இன்னும் இரண்டோடு. வாணி பாய்ந்து ஸ்ட்ராவைத் தம்பியின் வாயிலிருந்து பிடுங்கினாள். காய் உருண்டு, தரையெல்லாம் தண்ணீர்.

"எத்தனை? ஒரு நாளைக்கு எத்தனை குடிக்கறே?"

"என்னக்கா ஆச்சு? நாலு, அஞ்சு... வர்றவங்க எல்லாம் வாங்கியாந்தாங்க."

"மாத்திரைச் சூடு, உடம்பு காந்துதுன்னான் கண்ணு," என்றாள் அம்மா. "வீட்டுல இருக்கையிலும் நம்ம மரத்துக் காயி தெனமும் குடுத்தேன். ஏன், என்ன?"

வாணி நர்ஸ் பக்கம் திரும்பினாள். "சாப்பாட்டுக் குறிப்புல இதை ஏன் எழுதலை?"

"இளநீர் சாப்பாடாங்க மேடம்?" நர்ஸ் உண்மையாகவே திகைத்தாள். "அது தண்ணிதானே?"

அம்மாவுக்கு மெல்ல மெல்ல விளங்கியது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். "நானா? என்ற கையாலயா?"

"நீ இல்லம்மா," என்றாள் வாணி. "நாங்க. நாங்க பண்ணினது." அதைச் சொல்லும்போது அழுகை வந்தது. அவள் அடக்கவில்லை.

இளநீரை நிறுத்திவிட்டுப் பார்க்க டாக்டரிடம் மூன்று நாள் அவகாசம் கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க கணக்குத் தப்பா இருந்தா? மூணு நாள்ல ஒன்பது விரல். இடுப்பைத் தொட்டுடும். அப்ப நான் கத்தியைத் தூக்கிக்கிட்டு எங்க போறது?"

தன் கணக்குக்கு என்ன யோக்கியதை என்று அவளுக்கே தெரிந்துவிட்டிருந்தது. அப்போது படுக்கையிலிருந்து மூர்த்தி சொன்னான்: "பாக்கலாமுங்க டாக்டர். அக்கா சொன்னா சரியா இருக்குமுங்க." அந்த நம்பிக்கையைக் கேட்டு அவளுக்கு அந்த இடத்திலேயே ஓடிவிடலாமா என்றிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை படத்தில் கோடு இன்னும் மூன்று விரல் ஏறியிருந்தது. அறுவை அரங்கு வெறுமனே காத்திருந்தது. டாக்டர் படத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். சனிக்கிழமை ஒரு விரல். ஞாயிற்றுக்கிழமை வாணி படத்தைப் பார்க்காமல் டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். "அப்படியே இருக்கு," என்றார் அவர். மறுபடி ஒரு முறை அளந்துவிட்டு, "நின்னுடுச்சும்மா," என்றார். இடுப்புக்கு இரண்டு விரல் கீழே நின்றிருந்தது.

அம்மா ஆஸ்பத்திரித் தரை என்றுகூடப் பார்க்காமல் விழுந்து கும்பிட்டாள். யாரைக் கும்பிட்டாள் என்று வாணி கேட்கவில்லை.

கால் தப்பியது. முழங்காலைச் சுற்றியிருந்ததை இரண்டு ஆபரேஷனில் செதுக்கி எடுத்தார்கள். மூர்த்தி நடந்தான், ஆனால் முட்டி பாதிக்கு மேல் மடங்கவில்லை. க்ளட்ச் மிதிக்கிற கால் இல்லை அது. பஸ் கம்பெனிக்காரர் நல்லவர், பழனி ஸ்டாண்டில் டைம்கீப்பராகப் போட்டுக்கொடுத்தார். அவன் விசிலை ஊதி மற்றவர்களின் பஸ்ஸை அனுப்பினான்.

அறிக்கை எழுத வேண்டிய நாளில் பேராசிரியர் வாணியை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இளநீர் வேண்டாம் வாணி. 'காரணம் தெரியாத தொற்று, குணமானது'ன்னு எழுதுங்க. டீயை வேற ரசாயனமா மாத்திடுவோம். புதுப் பூட்டு. பழைய பூட்டைப் பத்தி எதுக்கு ஊருக்குச் சொல்லணும்? ஒரு கம்பெனி உரிமம் வாங்கற நேரம். இதை வெளியில விட்டா பசையே செத்துடும். நாளைக்கு எத்தனை பேருக்குக் கால் கிடைக்கப் போகுது, யோசிச்சுப் பாருங்க."

"மத்த ரெண்டு பேருக்கும் வச்சிருக்கோமே சார்..."

"அவங்களைக் கூப்பிட்டுச் சொல்லியாச்சு, இளநீர் சேர்த்துக்காதீங்கன்னு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க." அவர் பேனாவை அவள் பக்கம் தள்ளினார். "இன்னொண்ணு. பேஷண்ட் உங்க தம்பின்னு எனக்கு முதல் நாளே தெரியும். ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு. நான் கேட்கலை. நீங்களும் எதையும் கேட்காதீங்க."

மிரட்டல் என்று சொல்ல முடியாது. குரலில் கனிவுதான் இருந்தது. வாணிக்கு வேலை, படித்த படிப்பு, படிவத்தில் அடித்த டிக் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தன. தம்பிதான் பிழைத்துவிட்டானே, இனி யாருக்கு என்ன வரப்போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கையெழுத்துப் போட்டாள். பயத்தில் போட்ட கையெழுத்துக்கும் மற்றக் கையெழுத்துக்கும் காகிதத்தில் வித்தியாசம் தெரிவதில்லை.

மூர்த்தியின் கால் தப்பி எட்டு மாதம் ஆகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாணி பொள்ளாச்சிக்கு வந்திருந்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் தோப்பில் ஆட்கள் இளநீர் இறக்கி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரையே அம்மா கூப்பிட்டு வீட்டு மரத்திலும் ஏறச் சொல்லியிருந்தாள். வாணி பின்வாசல் படியில் உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். மேலே இருந்து "தள்ளிக்கோங்க!" என்று குரல் வந்தது. ஒரு காய் மட்டும் குலையிலிருந்து நழுவி நேராகத் துவைக்கிற கல்லின்மேல் விழுந்தது.

காய் உடையவில்லை. கல் இரண்டாகப் பிளந்தது.

மூர்த்தி விந்தி விந்தி வந்து காயை எடுத்தான். "என்ன கனம்!" என்றான். அருவாளை ஓங்கிப் போட்டான். பச்சைத் தோல் சீவிக்கொண்டு போனது, உள்ளே அருவாள் ணங்கென்று நின்றது. இன்னொரு போடு. அருவாளின் வாய் மடிந்துவிட்டது. கடைசியில் சுத்தியலை எடுத்து வந்து அடித்ததில் ஒரு சில்லு தெறித்து வாணியின் காலடியில் வந்து விழுந்தது.

அவள் எடுத்துப் பார்த்தாள். உள்ளே தண்ணீர் இல்லை. தண்ணீர் இருக்க வேண்டிய இடம் முழுக்க வெள்ளையாக, நெருக்கமாக, சின்னச் சின்னக் கண்ணறைகளோடு இறுகியிருந்தது. ஆறு வருஷமாக மைக்ராஸ்கோப்பில் பார்த்த அமைப்பு அது. அவளுக்கு அது தெரியாமல் போகுமா? எலும்பு.

வாய்க்காலைப் பார்த்தாள். பிளந்த கல்லிலிருந்து அது மரத்தடிக்குப் போனது, மரத்தடியிலிருந்து மதில் துளைக்குப் போனது. பாளை வெடித்து இளநீராக ஏழு மாதம் ஆகும். அம்மா தம்பியின் காலைக் கழுவி எட்டு மாதம் ஆயிற்று. அப்போது அவன் உடம்பில் ஓடிய டீயோடு உயிரோடு கசிந்த கொத்தனார்கள் சாகவில்லை. ஆறு மணி நேரத்துக்குள் வேருக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். டீ தீரவே தீராத இடமாகப் பார்த்து, டீக்கடைக்குள்ளேயே குடியேறிவிட்டார்கள்.

"அம்மா!" குரல் கீச்சென்று வந்தது. "இந்த மரத்துல இப்படி எத்தனை நாளா?"

"ஒரு மாசமா இருக்கும் கண்ணு," அம்மா அடுக்களையிலிருந்தே சொன்னாள். "சிலது கல்லாட்டம் போயிருது. பக்கத்துத் தோப்புலயும் அப்படியொண்ணு ரெண்டு விழுகுதாம். ஏதோ புது நோவுன்னு பேசிக்கறாங்க. இளசா இருக்கறது நல்லாத்தான் இருக்குது. தண்ணி முன்னயவிடத் தித்திப்பு. நான் தெனமும் ஒண்ணு குடிக்கறேன். மூர்த்திதான் தொடறதில்லை, நீ வேண்டாம்னியே."

மதிலுக்கு அந்தப் பக்கம் லாரியின் பின்கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. எஞ்சின் கிளம்பியது. வாணி எழுந்தாள். மதிலை எட்டிப் பார்த்துக் கத்த வேண்டும், டிரைவரை நிறுத்த வேண்டும், சாவியைப் பிடுங்க வேண்டும். பிடுங்கிவிட்டு என்ன சொல்வது? எங்கிருந்து ஆரம்பிப்பது? டிக்கிலிருந்தா, கையெழுத்திலிருந்தா? அவள் யோசித்து முடிப்பதற்குள் லாரி ரோட்டில் ஏறிவிட்டது. பின்னால் சென்னை என்று எழுதியிருந்தது.

மூர்த்தி அக்காவின் முகத்தைப் பார்த்தான். பிறகு தன் காலைப் பார்த்தான். பிறகு அவள் கையிலிருந்த சில்லைப் பார்த்தான். அவனுக்கும் புரிந்துவிட்டது. சுத்தியலைச் சத்தம் வராமல் கீழே வைத்தான்.

அம்மா காபி கொண்டுவந்தாள். டம்ளரைப் பிடித்திருந்த விதம் புதிதாக இருந்தது. விரல்களால் பிடிக்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில், கும்பிடுகிற மாதிரி இடுக்கிக்கொண்டு வந்தாள். பத்து விரலும் விறைப்பாக, நேராக நீட்டிக்கொண்டிருந்தன.

வாணி டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். அம்மாவின் வலது கையை எடுத்து, சுண்டுவிரலை மெல்ல மடக்கிப் பார்த்தாள். அது மடங்கவில்லை.

"கையில என்னம்மா?"

"வயசாகுதில்ல. பத்து நாளா இப்படித்தான்."

"வலிக்குதா?"

"வலியே இல்ல கண்ணு," என்றாள் அம்மா. "அதுதான் உங்கிட்டச் சொல்லலை."